ஏவி.எம். செட்டியாரும் ஒரு தகரப் பெட்டியும்

(காரைக்குடியில் ஒரு நூலக விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதும் என் ஒற்றுப்பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, வணக்கம்.

ஏவி.எம். பட நிறுவனத்தை உருவாக்கிய ஏவி. மெய்யப்பச் செட்டியாரைப் பற்றி மூன்று செய்திகள்: அவர் தோற்றது, ஜெயித்தது, அவருடைய நிறுவனம் சின்னத்திரைக்குப் போனது.

1907-இல் இதே ஊரில் பிறந்தவர். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத்துக்கு வந்தார். 1935-இல் 'அல்லி அர்ஜுனா' கையைச் சுட்டது. 'ரத்னாவளி'யும் அப்படியே. 1938-இல் 'நந்தகுமார்'தான் தூக்கிவிட்டது.

1945-இல் 'ஸ்ரீ வள்ளி'. நாயகி ருக்மிணியின் பாட்டு செட்டியாருக்குத் திருப்தியாக இல்லை. பாடகி பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலையே மாற்றிவிட்டார். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்தவருக்கு அது ஒரு வேலையா? அப்புறம் 'நாம் இருவர்'. நம்ம தேவகோட்டை ரஸ்தாவில் எடுத்தது. 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று பட்டம்மாள் குரல் தியேட்டரில் ஒலித்தபோது சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது! பாரதி பாடல் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவர், 1949-இல் அரசுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார்.

சரி, அந்தக் குரலெல்லாம் எதில் இருந்தது? ஃபிலிமில். இங்கேதான் என் தகரப் பெட்டி வருகிறது.

என் சித்தப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். கொட்டகையை மூடியபோது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஒரு பெட்டி ரீல் கொடுத்தார்கள். பரணில் ஏற்றினார், மறந்தார். இருபது வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அப்பத்தா கத்தினாள்: "எவன்டா பரண்ல ஊறுகாய் போட்டது?" இறக்கினோம். திறந்தால் காடி நெடி. சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து கெட்ட ஃபிலிம் அப்படித்தான் புளித்து நாறும். ரீல் ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லப்பாகு மாதிரி. என்ன படம் என்றுகூடத் தெரியவில்லை. சித்தப்பா அதை வெயிலில் காயவைத்தார், பாவம். அப்பத்தா திண்ணையிலிருந்து சொன்னாள்: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்." பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பெட்டிக்குக் காசு தர்றேன். உள்ளே இருக்கிறதை நீங்களே கொண்டுபோயிடுங்க!"

சிரிக்கிறீர்கள். தமிழகத்தின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதற்கும் இதே சிரிப்புதானா? புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. நம் படங்களுக்கு நம் மண்ணில், குளிரும் காய்ந்த காற்றும் உள்ள ஒரு கிடங்கு வேண்டாமா? கோடி செலவழித்துச் சிலை வைப்போம், நெகட்டிவுக்கு ஏ.சி. போட மாட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! நகர்மன்றத் தலைவர் தலையாட்டுகிறார். அது வெறும் மேடை மரியாதைக்காக இல்லாமல் இருக்கட்டும், ஐயா.

அந்தக் கிடங்கு கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். மூன்றாவது செய்தி, சின்னத்திரை... தலைவர் மணியடித்துவிட்டார். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.