"உங்களுக்கு நான் விற்கவில்லையே!" - கைமாறிய வீடும் கட்டியவர் பொறுப்பும்

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு வளவில் நிற்கிறேன். இந்தத் தூணைத் தட்டுகிறேன், சத்தம் கேட்கிறதா? பர்மா தேக்கு. சுவர் இன்னும் வழவழவென்று இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. இந்த வீடு விலைக்கே போனதில்லை. பங்காளிகளுக்குள் பங்கு பிரிந்ததோடு சரி.

நான் குடியிருப்பதோ காரைக்குடியில், அடுக்குமாடியில். முதலில் வாங்கியவர் 2022 ஜூனில் சாவி பெற்றார். வெளிநாடு போவதாக 2025 பிப்ரவரியில் எனக்குக் கிரயம் செய்து கொடுத்தார். அந்த ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறிப்போனது. இதோ, போனில் எடுத்த படம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறதே, அந்த விரிசல்தான் வழி. பில்டரைக் கூப்பிட்டேன். "அம்மா, உங்களுக்கு நான் விற்கவில்லையே. விற்றவரிடம் கேளுங்கள்" என்றார். எவ்வளவு பணிவு! நானும் ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ரெரா என்று சொல்கிறோமே, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன் 2ஆவது பிரிவைப் படித்த பிறகுதான் தெளிந்தது. ஒதுக்கீடு பெற்றவர் என்றால் முதலில் வாங்கியவர் மட்டும் இல்லை. பின்னால் கிரயமாகவோ வேறு வகையிலோ பெற்றவரும் அதில் அடக்கம். வாடகைக்கு இருப்பவர்தான் கிடையாது. 14ஆவது பிரிவு, கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருந்தால் பில்டர் காசு வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டுக்கு உண்டு என்றதும், நாம் பத்திரம் பதிந்த நாளிலிருந்து என்று எண்ணிக்கொள்கிறோம். இல்லை. பில்டர் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து. என் கணக்கு 2030 வரை இல்லை, 2027 ஜூனோடு முடிகிறது. அதற்குள் குறை அவர் கவனத்துக்குப் போயிருக்க வேண்டும். போனில் சண்டை போட்டதற்கு என்ன சாட்சி இருக்கிறது? எழுதி அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரத்தோடு ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை, பிறகு வெளிநாட்டுக்கு வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டியதாயிற்று.

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், அவர் கட்டடத்தில் ஆறே வீடுகளாம். நிலம் 500 சதுர மீட்டரையோ வீடுகள் எட்டையோ தாண்டாவிட்டால் ரெரா பதிவு தேவையில்லை. அவருக்கு நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே போடலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பின்னால் வாங்கியவர் என்பதற்காக நிவாரணத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் லாரேட் பில்ட்வெல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது வீட்டைத் தர தாமதித்த வழக்கு, விரிசல் வழக்கு இல்லை. ஆனாலும் வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.

பில்டர் அடுத்து என்ன சொல்வார் என்பதும் தெரியும். "முன்னவர் ஏசிக்குச் சுவரை உடைத்தார், அதனால்தான்." ஆகவே சுவரில் கை வைப்பதற்கு முன்பே பொறியாளர் ஒருவரை அழைத்து அறிக்கை வாங்கிவிட்டேன். என் வீட்டில் ஏசி எதிர்ச்சுவரில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

என் கடிதம் பில்டர் கையில் கிடைத்துப் பதினேழு நாள் ஆகிறது. நேற்று ஒரு மேஸ்திரி வந்து சுவரைப் பார்த்தார், அளந்தார், "வெள்ளை அடித்தால் போதும்" என்றார். அடிக்க விடவில்லை.