சுக்கானியின் கணக்கு: ராபர்ட் ஸ்மால்ஸும் அவர் குடும்பமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கத்திய அரசுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் போரிட்டார்கள். அவர்களில், அடிமையாகப் பிறந்து வடக்கின் பக்கம் சேர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எதிரியின் கப்பலை அவர் ஓட்டிக்கொண்டு வந்தது ஒரே இரவில். அதற்குரிய தொகையை அரசாங்கத்திடம் கேட்டு வாங்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1839 ஏப்ரல் 5 அன்று தென் கரோலைனாவின் ப்யூஃபர்ட் ஊரில் பிறந்தார். தாய் லிடியா, மெக்கீ குடும்பத்தின் வீட்டு அடிமை. ஆண்டையின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில்தான் பிரசவம். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். உழைப்பு இவருடையது, கூலி ஆண்டையுடையது. 1856-ல் ஹானா ஜோன்ஸை மணந்தார். ஹானா வேறோர் ஆண்டையின் அடிமை. பிள்ளை தாயின் ஆண்டைக்கே சொந்தம் என்பது அன்றைய சட்டம். ஆகவே 1858-ல் பிறந்த மகள் எலிசபெத்தும் அந்த ஆண்டையின் சொத்தானாள். மனைவியையும் மகளையும் மீட்க 800 டாலர் விலை பேசியிருந்தார். முழுத் தொகையும் சேருவதற்குள் போர் வந்துவிட்டது. அந்த 800 டாலரை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தெற்கத்திப் படை வாடகைக்கு எடுத்த 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் அவர் சுக்கானி. பருத்தி ஏற்றக் கட்டிய மரக்கப்பல் அது. பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம், நீளம் 147 அடி. நான்கு அடிக்கும் குறைவான ஆழமே போதும் என்பதால் சிற்றோடைகளிலும் நுழையும். கண்ணிவெடி இறக்கவும் பீரங்கி ஏற்றிச் செல்லவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே மணல்திட்டுகள், வெடி இறக்கிய இடங்கள், ஒவ்வொரு கோட்டைக்கும் ஊத வேண்டிய சங்கொலி எல்லாம் ஸ்மால்ஸுக்கு மனப்பாடம்.

1862 மே 12 இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரைக்குத் தூங்கப் போனார்கள். இரவில் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவை அவர்கள் மதிக்கவில்லை. ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கப்பலோடு வடக்கத்தியரிடம் தப்பிப் போகத் துணிந்தார்கள். விடியற்காலை மூன்று மணி சுமாருக்குக் கொதிகலனில் நீராவி ஏறியதும் இரண்டு கொடிகளை உயர்த்தினார்கள்: ஒன்று தெற்கத்திக் கூட்டமைப்பினுடையது, மற்றது மாநிலத்தினுடையது. கடலை நோக்கி உடனே திரும்பவில்லை. வேறொரு துறையில் ஒளிந்திருந்த குடும்பங்களை ஏற்றிக்கொள்ளப் போனார்கள். ஸ்மால்ஸோடு சேர்த்து எட்டு ஆண்கள், ஐந்து பெண்கள், மூன்று குழந்தைகள். அகப்பட்டால் கப்பலை வெடிவைத்து மூழ்கடித்துவிடுவது என்று முன்பே பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில், தெற்கத்தியர் வசம் இருந்த சம்டர் கோட்டைதான் பெரிய கண்டம். வேகம் கூட்டினால் சந்தேகம் வரும். வழக்கத்தைவிட விலகிப் போனாலும் வரும். எனவே எப்போதும் போகும் பாதையிலேயே, எப்போதும் போகும் வேகத்திலேயே போனார். தலைமை மாலுமியின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவர் நிற்கும் தோரணையிலேயே நின்றார். இரண்டு நீள ஒலி, ஒரு குறுகிய ஒலி. கோட்டை வழிவிட்டது. பீரங்கி எட்டாத தூரம் போனபின் கொடிகளை இறக்கிவிட்டு, ஹானா கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். அது இல்லாவிட்டால் வடக்கத்திக் கப்பலான 'ஆன்வர்ட்' சுட்டிருக்கும். சுடத் தயாராகத்தான் இருந்தது. கப்பலில் பொருத்தியிருந்த பீரங்கிகள் போக, சரக்காக நான்கு பீரங்கிகளும் சங்கேதப் புத்தகமும் வடக்கத்தியர் கைக்கு வந்தன. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஆற்று முகத்தைக் காத்த கோல்ஸ் தீவைத் தெற்கத்தியர் காலிசெய்துவிட்டார்கள் என்ற செய்தியும் ஸ்மால்ஸ் வாயிலிருந்தே கிடைத்தது. என் கணிப்பில் பீரங்கிகளைவிட அந்தச் செய்தி மதிப்பு மிக்கது.

இனி கணக்குக்கு வருவோம். கப்பலையும் சரக்கையும் சுமார் 9,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் பாதி, கப்பலைக் கொண்டுவந்த எல்லோருக்கும் பரிசுப் பங்கு; ஸ்மால்ஸுக்கு 1,500. மதிப்பீடு மிகக் குறைவு என்று 1883-ல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது. கடைசியில் 1900-ல் அவருக்கு 5,000 டாலர் என்று தீர்மானித்து, முன்பு கொடுத்த 1,500-ஐக் கழித்துக்கொண்டார்கள். ஓய்வூதியத்திலும் இதே தடுமாற்றம். 1863 ஏப்ரலில் வடக்கத்தியரின் 'கியோகக்' இரும்புக்கப்பலை அவர் செலுத்தியபோது தொண்ணூறு குண்டுகள் தாக்கி, மறுநாள் அது மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிளான்டரின் தலைமை மாலுமி குண்டுமழைக்கு அஞ்சிப் பதுங்கியபோது, சரணடைய மறுத்துக் கப்பலைக் காப்பாற்றியதும் இவர்தான். அதன்பின் தலைமை மாலுமி, மாதம் 150 டாலர் சம்பளம். ஆனால் முறையான நியமனப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவருக்குப் பொதுச் சட்டத்தில் ஓய்வூதியம் கிடையாது. 1897-ல் தனிச்சட்டம் போட்டுத்தான் மாதம் 30 டாலர் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்டவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் படைப்பிரிவுப் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்மால்ஸைப் போன்ற ஒப்பந்த ஊழியர்கள் அதில் இருக்கமாட்டார்கள். தளவாடத் துறையின் கூலிப் பதிவேடுகளையும் நாடாளுமன்றத் தனிச்சட்டங்களையும் புரட்ட வேண்டும். 1850, 1860 குடிமதிப்புகளில் அடிமைகளுக்குப் பெயரே இல்லை. ஆண்டையின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். அங்கே ஆண்டை வீட்டு உயில்களும் சொத்துப் பட்டியல்களும்தான் துணை. பெயரோடு எல்லோரும் வருவது 1870-ல்.

போர்க்காலத்தில் வரி கட்டாத வீடுகளை அரசு ஏலம் விட்டது. பரிசுப் பணம் கையில் இருந்த ஸ்மால்ஸ், தன் தாய் ஊழியம் செய்த அதே பிரின்ஸ் தெரு வீட்டை வாங்கினார். முன்னாள் உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1870-களின் இறுதியில் ஸ்மால்ஸ் வென்றார். தென் மாநிலங்களில் வரி ஏலத்தில் நிலம் வாங்கிய மற்றவர்களின் பட்டாவுக்கும் அந்தத் தீர்ப்பு வலுவூட்டியது.

1875 முதல் இடைவெளிகளோடு ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினர். 1895-ல் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்க மாநில அரசியலமைப்பைத் திருத்தியபோது எதிர்த்து வாதாடினார்; கையெழுத்திட மறுத்தார். ஹானா 1883-ல் காலமானார். 1890-ல் ஆனி விக் என்பவரை மணந்தார். 1892-ல் மகன் வில்லியம் பிறந்தான்.

1915 பிப்ரவரியில் ஸ்மால்ஸ் இறந்தபோதும் அந்தப் பிரின்ஸ் தெரு வீடு அவர் பெயரில்தான் இருந்தது. 800 டாலரில் பங்காக விலை குறிக்கப்பட்ட எலிசபெத், கணவர் பாம்ஃபீல்டின் மறைவுக்குப் பின் ப்யூஃபர்ட் ஊரின் அஞ்சல் தலைவராகப் பணியாற்றினார்.