உறை இல்லை, புரதம் இல்லை, ஆனாலும் நோய்: வைராய்டு எப்படி வேலை செய்யுது?

[திரையில்: மேசை மேல ரெண்டு உருளைக்கிழங்கு]

இடது பக்கம் இருக்கறது நல்ல கிழங்கு. வலது பக்கம் இருக்கறதும் அதே ரகம்தான், ஆனா ஒல்லியா நீண்டு, ரெண்டு முனையும் கூம்பி, முளைக்கண்கள் வழக்கத்துக்கு மேல நெருக்கமா இருக்கு. அமெரிக்காவுல உருளை பயிரிட்டவங்க 1920-கள்லயே இந்த நோயைப் பார்த்திருக்காங்க. காரணம் ஏதோ ஒரு வைரஸ்னுதான் ரொம்ப வருஷம் எல்லாரும் நம்பினாங்க.

மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில்ல அமெரிக்க வேளாண் துறையோட ஆய்வுக்கூடம் இருக்கு. அங்க தியோடர் டீனர், நோய் வந்த செடியோட சாற்றை அதிவேக சென்ட்ரிஃபியூஜ்ல போட்டுச் சுத்தினார். வைரஸா இருந்தா குழாயோட அடியில போய்ப் படியணும். ஆனா அடியில வரல, மேல நின்ன தெளிவுலயே நோய் இருந்தது. டி.என்.ஏ.வைச் சிதைக்கிற நொதியைக் கலந்தார், எந்த மாற்றமும் இல்ல. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கிற நொதியைக் கலந்ததும் தொற்றும் சக்தி போயிடுச்சு. அப்படின்னா சாற்றுல இருந்தது உறையே இல்லாத வெறும் ஆர்.என்.ஏ., அதுவும் ரொம்பச் சின்னது. 1971-ல அதுக்கு வைராய்டுன்னு பேர் வெச்சார்.

[திரையில்: 359 எழுத்துகள் ஒவ்வொண்ணா வந்து வட்டமா நிக்குது]

எவ்வளவு சின்னது? 1978-ல ஜெர்மனியில ஹான்ஸ் கிராஸ் குழு இதோட எழுத்து வரிசையை முழுசாப் படிச்சது. மொத்தம் 359 நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ. இழையைக் கட்டற ‘எழுத்துகள்’. புகையிலைத் தேமல் வைரஸுக்கு சுமார் 6,400, கொரோனா வைரஸுக்குக் கிட்டத்தட்ட 30,000.

எண்ணிக்கையை விட எனக்கு ஆச்சரியம் வேற ஒண்ணு. இந்த 359-ல ஒரு புரதத்துக்கான குறிப்பு கூட இல்ல. எவ்வளவு எளிய வைரஸா இருந்தாலும் தன்னைப் படியெடுக்க ஒரு நொதி, இல்ல ஒரு உறைன்னு ஏதாவது ஒரு புரதத்துக்குச் செய்முறை வெச்சிருக்கும். வைராய்டுகிட்ட அது கிடையாது. செல்லுக்குள்ள அது என்ன சாதிச்சாலும், தன் உடம்போட வடிவத்தை வெச்சுத்தான் சாதிக்கணும்.

அந்த வடிவத்தைப் பார்ப்போம். ஹைன்ஸ் சாங்கர் குழு 1976-ல காட்டினபடி, இது முனையே இல்லாத ஒரு வட்டம். ஒரு ரப்பர் பேண்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கிட்டு ஒரே கோடு மாதிரி ஆகுமே, அப்படி. ஆர்.என்.ஏ.வோட எழுத்துகள் ஏ, யூ, ஜி, சி-ன்னு நாலு வகை. ஒரு பக்கத்து ஏ, எதிர்ப்பக்கத்து யூ-வைப் பிடிச்சுக்கும். ஜி, சி-யைப் பிடிச்சுக்கும். சுமார் 70 சதவீத எழுத்துகள் இப்படி ஜோடி சேர்ந்து, மொத்தமும் ஒரு விறைப்பான குச்சியா நிக்கும். செல்லுல ஆர்.என்.ஏ.வை முனையில இருந்து கடிச்சுத் தின்கிற நொதிகள் உண்டு. இங்க கடிக்க முனையே இல்ல!

[திரையில்: குச்சியை நெருங்கிப் போகும்போது ஜோடிகளுக்கு நடுவுல சின்னச் சின்ன வளையங்கள்]

ஜோடி சேராத மீதி எழுத்துகள் நடுநடுவுல வளையமாப் புடைச்சு நிக்கும். பாடப் புத்தகப் படத்துல இதெல்லாம் ஏணியில படி விழுந்த ஓட்டை மாதிரி தட்டையா இருக்கும். அந்தப் படம்தான் நம்மை ஏமாத்துது. அசல்ல அந்த எழுத்துகள் முப்பரிமாணத்துல முறுக்கி, வழக்கத்துக்கு மாறான விதத்துல ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கும். முக்கியமான வேலை நடக்கறதும் அங்கதான். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பியாவ் டிங் குழு, இந்த உருளை வைராய்டோட 27 வளையங்களை ஒவ்வொண்ணாக் கெடுத்துப் பார்த்தது. சில வளையம் கெட்டா படியெடுப்பு நின்னுது. வேற சிலது கெட்டா படியெடுப்பு நடந்தாலும் செடி முழுக்கப் பரவ முடியல. ஏழாவது வளையம் இல்லேன்னா இலை நரம்புக்குள்ள நுழைய முடியாது. ஆறாவது இல்லேன்னா இலைக்குள்ளயே ஒரு திசு அடுக்குல இருந்து அடுத்த அடுக்குக்குப் போக முடியாது. செடியோட ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சாவின்னா, அதையெல்லாம் இது தன் உடம்புலயே செதுக்கி வெச்சிருக்கு.

படியெடுப்பும் வடிவத்தை நம்பித்தான். செடியோட உட்கருவுல டி.என்.ஏ.வைப் படிக்கறதுக்குன்னே ஒரு நொதி இருக்கு, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. உருளை வைராய்டு அதை மடக்கி, தன்னைப் படிக்க வெச்சிடும். வட்டத்துக்கு முடிவு இல்லாததால நொதி சுத்திச் சுத்தி ஓடும், பல படிகள் ஒண்ணோட ஒண்ணு தொடுத்த நீள இழை ஒண்ணு வரும். அதைத் துண்டு போடறதும், வட்டமா ஒட்டறதும் செடியோட நொதிகள்தான்.

அவகாடோ பழத்துல வர்ற வைராய்டு இன்னும் ஒரு படி மேல. அது வாழறது உட்கருவுல இல்ல, இலைக்குப் பச்சை நிறம் தர்ற பசுங்கணிகத்துல. அதோட நீள இழையில ஒரு பகுதி சுத்தியல் தலை மாதிரி மடிஞ்சு, எந்தப் புரதத்தோட உதவியும் இல்லாம தன்னைத்தானே வெட்டிக்கும். ஆர்.என்.ஏ.வே நொதியா மாறுது. இந்தச் சுத்தியல்தலை ரிபோசைமை 1986-ல கண்டுபிடிச்சாங்க.

சரி, நோய் எப்படி வருது? நல்லாத் தெரிஞ்ச ஒரு உதாரணம் பீச் மரத்துல இருக்கு. பீச் வைராய்டோட சில வகைகள்ல 12 இல்ல 13 எழுத்துகள் கூடுதலாச் செருகி, ஒரு சின்னக் கொண்டையா மடிஞ்சிருக்கும். செடி தன்னைக் காப்பாத்திக்க வைராய்டை நறுக்கும். அந்தக் கொண்டைப் பக்கத்துத் துண்டுகள், பசுங்கணிகத்துக்கு வேணும்கிற ஒரு மரபணுவோட எழுத்துகளோட பொருந்திப் போகும். எதிரிக்கு வெச்ச கத்தி சொந்த மரபணு மேலயே விழும், இலை வெளுத்துப் போகும்.

[திரையில்: பிலிப்பைன்ஸ் வரைபடம், பிக்கோல் பகுதி]

தென்னைக்கும் ஒண்ணு இருக்கு. பிலிப்பைன்ஸோட கடாங்-கடாங் நோய், 3 கோடிக்கும் மேல மரங்களைக் கொன்னிருக்கு. (கேரளத்து வாடல் நோயோட இதைக் குழப்பிக்காதீங்க. அதுக்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மாங்கற ஒரு வகை பாக்டீரியா.) இந்த வைராய்டுக்கு வெறும் 246 எழுத்து. நோய் முத்த முத்த அதோட உருவமும் மாறும். குச்சியோட வலது முனையில ஒரு பகுதி இரட்டிப்பாகி, 287-ல இருந்து 301 எழுத்து வரைக்கும் நீண்ட வடிவங்கள் வர ஆரம்பிக்கும். எந்த வடிவம் அதிகமா இருக்குன்னு பார்த்தா, மரம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்லிடலாம். ஆனா காப்பாத்த மருந்து கிடையாது.

உருளையிலயும் எலுமிச்சை வகைகள்லயும் வைராய்டு பரவறதுக்கு ஒரு முக்கியமான வழி, நாம வெட்டற கத்திதான். கத்தியை நெருப்புல ஒரு தடவை காட்டி எடுத்தா போதும்னு நினைக்காதீங்க. இவ்வளவு இறுக்கமா மடிஞ்ச மூலக்கூறு அதையெல்லாம் தாங்கும். கடையில கிடைக்கிற ப்ளீச்சிங் கரைசல், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், அந்த ஆர்.என்.ஏ. இழையையே சிதைக்கும். ஒவ்வொரு மரத்தை வெட்டினதும் கத்தியை அதுல முக்கி எடுத்துட்டு அடுத்த மரத்துக்குப் போங்க.