கோலாலம்பூரை ஆறாக எண்ண வேண்டும்

(கோலாலம்பூரில் தமிழ் மென்பொருளாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'கோலாலம்பூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கோ, லா, ல, ம், பூ, ர். ஆறு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இணைய உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 11 என்கிறது. மெய்யையும் துணைக்காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நம் ஊர்ப்பெயர்கள் இணைய வரைபடங்களில் சிதைவதற்கு இந்தக் கணக்குதான் வேர். அதைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை வரைபட நூலகத்தின், அதாவது வரைபடம் காட்டும் ஆயத்த நிரல்தொகுப்பின், மூலநிரலிலேயே சேர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

திறந்த மூல நூலகங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்லேயர்ஸ் 2006இல் வந்தது. உக்ரைன் நாட்டு வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்டது லீஃப்லெட். 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனம் தன் நூலகத்தின் புதிய பதிப்புக்கு உரிமத்தை மாற்றியபோது, பழைய திறந்த நிரலிலிருந்து கிளைத்தது மேப்லிப்ரே. மூன்றுமே யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள இடம்தரும் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்தை வரையும் முறையில் மட்டும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

லீஃப்லெட்டின் குறிப்புப் பெட்டி சாதாரண எச்டிஎம்எல். உலாவியே எழுத்தைக் கோத்துத் தருவதால் தமிழ் ஒழுங்காக வரும். ஓப்பன்லேயர்ஸ் கேன்வாஸில், அதாவது உலாவி தரும் வரைதளத்தில், வரைகிறது. பெயரை முழுச் சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்தால் அங்கும் குறையில்லை. சாலையின் வளைவோடு பெயரையும் வளைத்து எழுதும்போதுதான் சிக்கல் வரும். வளைப்பதென்றால் சரத்தைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் திருப்பி வைக்க வேண்டும். எழுத்தின் ஒவ்வொரு கூறுக்கும் யூனிகோடு தரும் எண்ணே குறியெண். குறியெண்வாரியாக வெட்டும் நிரல் எதுவானாலும், பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் 'ம்' இரண்டாக அறுபடும். தனியே விடப்பட்ட புள்ளிக்கு உலாவி ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டுத் தரும்.

மேப்லிப்ரே போன்ற, வரைகலைச் சில்லின் துணையோடு வரையும் வெப்ஜிஎல் நூலகங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே எழுத்துருவை 256 குறியெண்கள் கொண்ட கோப்புகளாக வழங்கி (சர்வர்) அனுப்புகிறது. தமிழ் இருப்பது 2816 முதல் 3071 வரையிலான கோப்பில். ஒரு குறியெண்ணுக்கு ஒரு படம் என்பது அந்த அமைப்பின் அடிப்படை. ஆனால் பூ, து, கு இவற்றுக்குத் தனி உருவம் உண்டு, தனிக் குறியெண் கிடையாது. ஆகவே அந்தக் கோப்பில் அவற்றுக்கு இடமே இல்லை. இதை முதல் திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டும் இடத்தைத் திருத்துவது ஒருவரால் முடிகிற வேலை. அதிலிருந்து தொடங்கலாம்.

நூலகத்தின் பக்கத்தில் பிறர் பதிந்த பழைய பிழை முறையீடுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, இருபது வரிக்குள் பிழையைக் காட்டும் ஒரு பக்கத்தை எழுதுங்கள். அதைப் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறக்கவேண்டாம். 'எழுத்து தப்பாக வருகிறது' என்றால் அவருக்கு விளங்காது. சரியான படம், தவறான படம், குறியெண்கள் மூன்றையும் கொடுங்கள்: 'கோ' என்பது 2965, 3019. அதே ஓகாரக் குறி சில தரவுகளில் 3015, 3006 என்று இரண்டாகப் பிரிந்தும் வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சோதனையில் இரண்டையும் வையுங்கள்.

பிறகு நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் ஃபோர்க் செய்து (உங்களுக்கென ஒரு நகல் எடுத்து), உங்கள் கணினிக்கு இறக்கி, தேவையான துணை நிரல்களை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையை ஓட்டி, எதையும் தொடுவதற்கு முன்பே சோதனைகளை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். முன்பே தோற்றுக்கொண்டிருந்த சோதனை எது என்று தெரியாவிட்டால், பிற்பாடு உங்கள் நிரல்மேல் வீண்பழி விழும். உங்கள் மாற்றங்களுக்கென நிரலில் தனிக்கிளை போடுங்கள். முதலில் சோதனையை எழுதுங்கள்: 'கோலாலம்பூர்' 6 துண்டு, 'பினாங்கு' 4 துண்டு. அது தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்தத்தில் கை வையுங்கள். தோற்றுக் காட்டாத சோதனை எதையும் மெய்ப்பிக்காது.

திருத்தத்துக்கு, சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. குரோம் 87, சஃபாரி 14.1, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் அது கிடைக்கிறது. அவற்றைவிடப் பழைய உலாவிகளுக்கு மாற்றுவழி வேண்டும். செக்மென்டரை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக உருவாக்கினால் வரைபடத்தை நகர்த்தும்போது திணறும்.

சோதனையில் படத்தோடு படத்தை ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தானியங்கிச் சோதனை ஓடும் லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். அப்போது வெறும் கட்டங்கள்தான் வரும். கட்டத்தோடு கட்டம் ஒத்துப்போய்ச் சோதனை வெற்றி என்று சொல்லிவிடும்! எழுத்துருவைச் சோதனையோடு சேர்த்து வையுங்கள். முடியாவிட்டால் துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் சோதியுங்கள்.

பிழை வெளியே தெரிகிற தரவைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. இடத்தரவுகளை எழுதும் ஜியோஜேசன் வடிவத்தில் நெட்டாங்கு முன்னே வரும், லீஃப்லெட்டில் அகலாங்கு முன்னே வரும். சென்னையின் 13.08, 80.27 இடம் மாறினால் குறி ஆர்க்டிக் கடலில் போய் விழும். அது செல்லுபடியாகும் இடம் என்பதால் நிரல் ஏற்றுக்கொண்டுவிடும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் 5.41, 100.33 மாறினால் அகலாங்கு 100 ஆகிறது. உலகில் அப்படி ஓர் இடமே இல்லை. லீஃப்லெட் அதை 85.05 பாகைக்கு இழுத்து, படத்தின் மேல்விளிம்பில் ஒட்டிவைக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆகவே அகலாங்கு, நெட்டாங்குச் சோதனைத் தரவுகளுக்குப் பினாங்கையே வையுங்கள்.

திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையான புல் ரிக்வெஸ்ட் அனுப்புகையில் பெரும்பாலும் கெடுப்பது எடிட்டர்தான். சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் அது மறுசீரமைத்துவிடும். நீங்கள் மாற்றியது 12 வரி, மதிப்பாய்வாளர் பார்ப்பது 800 வரி. விண்டோஸின் வரிமுடிவுக் குறியும் இதையே செய்யும். அனுப்புமுன், மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டு வரிவரியாகப் படியுங்கள். ஒரு கோரிக்கையில் ஒரு திருத்தம் போதும். நிரலின் நடையைச் சரிபார்க்கும் லிண்ட் சோதனையையும் ஓட்டிவிடுங்கள். கமிட்டின், அதாவது மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பின், முதல் வரியை 50 எழுத்துக்குள் முடிப்பது வழக்கம். லீஃப்லெட்டில் புதிய வசதி சேர்க்க விரும்பினால் அதைத் தனி இணைப்பாக (பிளகினாக) எழுதுவதே பொருத்தம். சிறியதாக இருப்பதே அந்த நூலகத்தின் கொள்கை.

மதிப்பாய்வில் கேள்வி வரும்: 'ஆங்கிலப் பெயர்களுக்கு இது வேகத்தைக் குறைக்காதா?' நியாயமான கேள்வி. சரத்தில் கோக்க வேண்டிய எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் மட்டும் செக்மென்டரைக் கூப்பிடுங்கள். முன்னும் பின்னும் எடுத்த நேரத்தை அளந்து எண்ணாகவே பதிலில் எழுதுங்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. 'ஸ்ரீ'. அதில் நான்கு குறியெண்கள். செக்மென்டர் அதை ஸ், ரீ என்று இரண்டாக்கும். கண்ணுக்குத் தெரிவதோ ஒரே எழுத்து. 'க்ஷ'வுக்கும் இதே கதி. போதாக்குறைக்கு ஸ்ரீயை 3000இல் உள்ள ஸகரத்தாலும் எழுதலாம், 2998இல் உள்ள ஶகரத்தாலும் எழுதலாம். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலின் பெயரை வளைத்து எழுதிப் பாருங்கள், தெரியும். செக்மென்டர் தரும் துண்டுகளில் ஸ்ரீ, க்ஷ இரண்டையும் மீண்டும் ஒட்டும் விதியைத் தனியே எழுத வேண்டும். அதற்கான சோதனையை எழுத, ஸ்ரீயைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.