சுருதி சேராதவரைக் குழுவில் என்ன செய்வது?

அடுத்த கேள்விக்கு வருவோம். சமூகப் பாடகர் குழு ஒன்றை நடத்தும் பெண்மணி எழுதியிருக்கிறார். சுருக்கிப் படிக்கிறேன்: "எங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம், குரல் தேர்வெல்லாம் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒரு ஒத்திகைகூட விடாமல் வருகிறார். ஆனால் சுருதி சேரவே இல்லை, குரலும் கணீரென்று இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் என்னிடம் வந்து முறையிடுகிறார்கள். நிகழ்ச்சி நெருங்குகிறது. வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிடலாமா?"

தயவுசெய்து சொல்லாதீர்கள். "எனக்குப் பாட்டு வராது" என்று சொல்லும் பெரியவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். பலருக்குச் சின்ன வயதில் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வாயே திறந்திருக்க மாட்டார்கள். உங்கள் ஆள் அதையும் தாண்டி வந்து நிற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிரச்சினை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காதிலா, தொண்டையிலா, நிற்கிற இடத்திலா? ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்னதாக அவரை மட்டும் வரச் சொல்லுங்கள். இரண்டு ஸ்வரங்களை வாசித்து, எது மேலே எது கீழே என்று கேளுங்கள். தெரிந்த பாட்டு ஒன்றைச் சொல் இல்லாமல் முனகிக் காட்டி, என்ன பாட்டு என்று கேளுங்கள். நடுவில் வேண்டுமென்றே ஓர் இடத்தைத் தப்பாகப் பாடி, முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். இதெல்லாம் அவருக்குப் பிடிபட்டால் காது நன்றாகவே இருக்கிறது. ஸ்வர வித்தியாசமே உணர முடியாதவர்கள் உண்டு, ஆனால் மிகவும் குறைவு. மற்றபடி இது காது கேட்டதைத் தொண்டை செய்யப் பழகாத குறைதான். பழக்கினால் வரும்.

எப்படிப் பழக்குவது? நாம் வழக்கமாக ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒரு கட்டையை அழுத்தி, "இதைப் பிடியுங்கள்" என்போம். அதைத் தலைகீழாக்குங்கள். அவருக்குச் சௌகரியமான ஒரு ஸ்வரத்தை 'ஊ' என்று நீட்டிப் பாடச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. நீங்கள் போய் அவர் ஸ்வரத்தில் சேருங்கள். இரண்டு குரல்களும் ஆடாமல் நின்று, கொஞ்சமே விலகியிருந்தால் ஒலியில் ஓர் அலை அடிக்கும். நொடிக்கு 220 அதிர்வுள்ள குரலும் 223 அதிர்வுள்ள குரலும் சேர்ந்தால் நொடிக்கு மூன்று அலை. நீங்கள் மெல்ல நெருங்க நெருங்க அது நிதானமாகி, சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில் அவரைக் கவனியுங்கள். சேர்ந்து ஒலிப்பது எப்படி இருக்கும் என்பதை அநேகமாக அப்போதுதான் முதல்முறையாகத் தன் உடம்பில் உணர்வார். அதை நாலைந்து தடவை செய்த பிறகு, ஒரு ஸ்வரம் மேலே போய் அவரை உங்களோடு வரச் சொல்லுங்கள், பிறகு ஒன்று கீழே. வாத்தியத்தைவிட மனிதக் குரலோடு சேர்வது பலருக்கும் சுலபம்.

இதில் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பெண், அவர் ஆண். பேசும்போது ஆண் குரல் சராசரியாக நொடிக்கு 100 முதல் 130 அதிர்வு, பெண் குரல் 200 வாக்கில். நீங்கள் பாடிக் காட்டும் ஸ்வரத்தை அவர் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது அதே ஸ்வரத்தைப் பாதி அதிர்வில், எடுக்க வேண்டும். அது தெரியாமல், உங்கள் உயரத்துக்கே எட்டப் பார்த்து நடுவில் எங்கேயோ சிக்கிக்கொள்பவர்கள் ஏராளம். சுருதி வராது என்று ஒதுக்கப்படும் ஆண்களில் கணிசமானவர்கள் இந்த வகைதான். குழுவில் சுருதி சுத்தமாகப் பாடும் ஆண் ஒருவரை அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாடிக் காட்டட்டும்.

அப்புறம், "மேலே போங்கள்" என்றால் சத்தத்தைக் கூட்டுபவர்களும் உண்டு. அதனால் வாயால் சொல்வதைவிடக் கையை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைக்குறி வைத்துச் சாதாரண மக்களுக்குக் குழுப்பாட்டு கற்றுக்கொடுத்தார். அது பிறகு ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாயின் பெயரால் வழங்கும் இசைக் கல்வி முறையிலும் இடம்பிடித்தது. அந்த முறை முழுக்க உங்களுக்குத் தேவையில்லை. இடுப்பளவில் ஸ, நெஞ்சளவில் ப, நெற்றியளவில் மேல் ஸ என்று காட்டினாலே போதும்.

இனி அந்த உரத்த குரல். தன் குரல் தனக்குக் கேட்காத இடத்தில் மனிதன் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவான். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நெருக்கமாக நிற்கும் பாடகர் குழுவில் இது அப்படியே நடக்கும். ஒருவர் கூட்ட, அடுத்தவர் கூட்ட, கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆகவே அவரிடம் "மெதுவாகப் பாடுங்கள்" என்று தனியாகச் சொல்லாதீர்கள். எல்லோரையும் ஒரு முழ இடைவெளி விட்டு நிற்க வையுங்கள். ஒரு சரணத்தை, பக்கத்தில் இருப்பவர் குரல் தன் குரலைவிட நன்றாகக் கேட்கும் அளவுக்குத் தணித்துப் பாடச் சொல்லுங்கள். அவரை ஓரத்தில் நிறுத்த வேண்டாம். அதே பகுதியைப் பாடும் உறுதியான குரல்கள் இரண்டுக்கு நடுவே நிறுத்துங்கள். அந்த இருவரும் முறையிட்டவர்களாக இருக்கக் கூடாது என்பது முக்கியம்.

அவர் வயதைச் சொன்னதால் இன்னொன்று. செவித்திறன் குறையத் தொடங்கியிருக்கலாம். பேச்சில் அடிக்கடி "என்ன?" என்று கேட்கிறாரா என்று கவனித்து, பரிசோதித்துக்கொள்ளும்படி பக்குவமாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கருவி வைத்திருந்தால், அது பேச்சுக்கென்று அமைக்கப்பட்டிருக்கும். பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, கேட்டுப் பார்க்கட்டும்.

நிகழ்ச்சிக்குள் இதெல்லாம் முடியுமா? முடியாது. மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஒரு பாட்டிலாவது ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் பகுதியை அவருக்குக் கொடுங்கள். ஆதார ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் பகுதி இருந்தால், இன்னும் இரண்டு பேரோடு அதில் சேருங்கள். ஒரே ஸ்வரம் என்பதால் அவரால் நிற்க முடியும், பாட்டுக்கும் அது அடித்தளம். நுணுக்கமான இடங்களைச் சிறு குழு பாடட்டும். ஆனால் அந்தச் சிறு குழு பாட்டுக்குப் பாட்டு மாறட்டும், அப்போது யாரும் ஒதுக்கப்பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

முறையிடுபவர்களிடம் நேராகப் பேசுங்கள். யாரும் சேரலாம் என்று அழைத்துவிட்டு, சேர்ந்தபின் விதியை மாற்றுவது நியாயமில்லை. தேர்ந்த குரல்கள் மட்டும் பாடும் குழு வேண்டும் என்றால் அதில் தப்பே இல்லை, குரல் தேர்வு வைத்துத் தனியாக ஒன்று தொடங்கலாம். இந்தக் குழுவில் அவர் இருப்பார், அவருக்குக் கற்றுக்கொடுப்பது உங்கள் பொறுப்பு, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முறையிட்டவரில் யாருக்காவது பொறுமையும் நல்ல காதும் இருந்தால், அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒருநாள் வந்து உட்காரச் சொல்லுங்கள். அலை நிற்கும் அந்த இடத்தை அவரும் கேட்கட்டும்.