மணிக்கயிறு யார் கையில்?

அன்பான நண்பர்களே,

அமெரிக்காவின் தொடக்க கால வாழ்க்கையைப் பற்றி ஒரு கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. முதலில் கடிகாரம் இல்லை, மக்கள் சாவகாசமாக வாழ்ந்தார்கள். பிறகு ஆலை வந்தது, அவசரமும் வந்தது. இதை நான் ஏற்பதில்லை. வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தில் விவசாயி புல்லை வெயிலில் உலர்த்தி, மழை வருவதற்குள் கொட்டகையில் சேர்த்தாக வேண்டும். பால் கறக்கும் வேளை தப்பக் கூடாது. பியூரிட்டன் எனப்படும் கறாரான கிறிஸ்தவப் பிரிவினரின் வீடுகள் பலவற்றில் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குள் விறகு, சமையல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நேரக் கணக்கு கறாராகத்தான் இருந்தது. அதை வகுத்தவை சூரியனும், மாடும், வேதமும்.

அச்சிட்ட பஞ்சாங்கம் பல வீடுகளில் இருந்தது. சூரிய உதயம், அஸ்தமனம், பிறை, கடலோர ஊர்களுக்கு அலை ஏறி இறங்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1732-இல் தொடங்கிய பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றது. அதே ஃபிராங்க்ளின்தான் 1748-இல் ஒரு இளம் தொழில்காரருக்கு அறிவுரையாக, நேரம் என்பது பணம் என்று எழுதினார். சரி, பணம் என்றால் யாருடைய பணம்? அடுத்த நூறு ஆண்டுச் சண்டை இதைப் பற்றியதுதான்.

1800-களின் தொடக்கத்தில் கனெடிகட்டில் எலை டெர்ரி என்பவர் நீர்ச்சக்தியால் இயங்கும் பட்டறையில், மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு நாலாயிரம் மரக் கடிகார இயந்திரங்களைச் செய்து காட்டினார். அப்புறம் கடிகாரம் பணக்காரர் வீட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. நடை வியாபாரிகள் அதைப் பண்ணை வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள்.

ஆனால் வீட்டுக் கடிகாரம் யாரையும் அடிமைப்படுத்தவில்லை. மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்துக்கு வாருங்கள். 1820-களில் அங்கே பருத்தி ஆலைகள் எழுந்தன. பண்ணைகளிலிருந்து இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எழுப்புவது மணி, ஆலைக்குள் அழைப்பது மணி, சாப்பிட விடுவதும் மணி. ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமி பத்து வயதில், நூல் சுற்றும் உருளைகளான பாபின்கள் நிறைந்ததும் அவற்றைக் கழற்றிக் காலி பாபின்களை மாட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடம்தான் வேலை. மீதி நேரத்தில் படிக்கலாம், விளையாடலாம். இருந்தும் காலை ஐந்து முதல் இரவு ஏழு வரை ஆலையிலேயே இருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதிவைத்தார். காலை உணவுக்கு அரை மணி, மதிய உணவுக்கு அரை மணி. இதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். அந்தக் குழந்தையின் கைக்குக் கொஞ்சம்தான் வேலை. ஆனால் நாள் முழுவதும் ஆலைக்குச் சொந்தம்.

தெற்கே அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. பல தோட்டங்களில் விடியுமுன்னே கொம்பு ஊதும். கண்காணியின் கீழ் இருட்டும் வரை வேலை. தென் கரோலினாவின் கடலோர நெல் வயல்களில் வேறு முறை இருந்தது. ஒருவருக்கு இவ்வளவு நிலம் என்று அளந்து கொடுப்பார்கள். அதை முடித்தால் மீதிப் பொழுது அவருடையது. அந்தப் பொழுதில் அவர்கள் சொந்தமாகக் காய்கறி பயிரிட்டார்கள், கோழி வளர்த்தார்கள். மனிதரையே உடைமையாக்கிய இடத்திலும் அந்தச் சில மணி நேரத்தை விடாமல் காத்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1835-இல் பிலடெல்பியாவில் நிலக்கரி இறக்கும் ஐரிஷ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மற்றத் தொழில்களைச் சேர்ந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'ஆறு முதல் ஆறு வரை' என்று கேட்டார்கள்: பத்து மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் சாப்பாட்டுக்கு. வென்றும் காட்டினார்கள். கடிகாரம் முதலாளியின் கருவி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே கடிகாரத்தைக் காட்டித்தான் தொழிலாளி, இதற்கு மேல் முடியாது என்றார்.

லோவெல் பெண்களுக்குப் பத்து மணி நேர வேலைநாள் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர்கள் அவர்கள். ஆலைத் தொழிலாளியான சாரா பாக்லி தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அதைக் கேட்டு மனுவில் கையெழுத்திட்டார்கள். 1845-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் பாக்லியே போய்ச் சாட்சி சொன்னார். சட்டம் தேவையில்லை என்று குழு கைவிரித்தது. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் 1847-இல் பத்து மணி நேரச் சட்டம் போட்டது. ஆனால் தனி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம் என்று ஓட்டையும் வைத்தது. மாசசூசெட்ஸ் ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரம் சட்டமானது 1874-இல்தான்.