வாயைப் பார்த்தால் இரை தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காட்டில் உதிர்ந்த இலைகளை விலக்கி ஒரு பிடி ஈரமண் எடுத்து, மெல்லிய துணியில் பொதிந்து, தண்ணீர் நிரப்பிய புனலில் இரவு முழுக்க வைப்போம். விடிந்ததும் புனலின் அடியில் தேங்கிய நீரைச் சொட்டு சொட்டாக நுண்ணோக்கியில் பார்த்தால் நூற்புழுக்கள் நெளியும். பலவும் ஒரு மில்லிமீட்டரை எட்டாதவை. நிறமே கிடையாது, தின்ற இரைகூட வெளியே தெரியும்.

இதன் உடல் குழாய்க்குள் குழாய். வெளியே தோல், உள்ளே குடல், நடுவில் அழுத்தத்தோடு நிரம்பிய திரவம். இதயம் இல்லை, மூச்சுறுப்பு இல்லை. தசைகள் நீளவாக்கில் மட்டும் ஓடுவதால் மண்புழுவைப் போலச் சுருங்கி நீள இதனால் முடியாது. வளைந்து நெளியத்தான் முடியும். இன்னொன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நம் உடலில் நரம்பு தசையைத் தேடிப் போகிறது. இங்கே தசைதான் நரம்பை நோக்கிக் கை நீட்டுகிறது!

உள்ளே அழுத்தம் இருப்பதால் குடல் தானாகத் திறந்து நிற்காது. இரையை உள்ளே தள்ள ஒரு பம்பு வேண்டும். அந்த வேலையைத் தொண்டை செய்கிறது. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்படும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவுக்கு நரம்பணுக்கள் மொத்தமே 302. அதில் 20 தொண்டைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பாக்டீரியா கிடைத்துவிட்டால் அதன் தொண்டை நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கும். அடித்தொண்டைக் குமிழில் உள்ள அரவை முகடுகள் பாக்டீரியாவை நசுக்கி அனுப்பும்.

காட்டு மண்ணில் பாக்டீரியா தின்னும் புழுக்களின் வாயும் இப்படி ஒடுங்கிய குழாய்தான். பூஞ்சை இழையையோ வேரையோ உறிஞ்சும் புழுவுக்கு வாய்க்குள் துளையுள்ள ஊசி இருக்கும். மோனாங்கஸ் குடும்பத்து வேட்டைப்புழுவின் வாயோ ஒரு பீப்பாய். அதன் சுவரில் ஒரு தடித்த பல். அப்படி ஒன்றின் குடலில் இன்னொரு நூற்புழு முழுசாக மடிந்து கிடந்ததைக் கண்டபோது, நெடுநேரம் நுண்ணோக்கியை விட்டு எழ மனம் வரவில்லை.

பாக்டீரியாவில் உள்ள நைட்ரஜன் புழுவின் தேவைக்கு அதிகம். மிஞ்சியதை அது அம்மோனியமாக வெளியேற்றுகிறது. பக்கத்து வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. ஓயாத மழையில் சத்து கரைந்தோடும் மண்ணில் இது சிறிய கொடை அன்று. மண் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை புழு நகரும், தின்னும். இலைச்சருகின் அடியில் அந்த ஈரம் எளிதில் வற்றுவதில்லை.